அமெரிக்கர்கள் ஏன் துப்பாக்கியை விட்டுக்கொடுப்பதில்லை? அந்த உரிமையின் பக்கம் நின்று ஒரு பதில்

கேட்கப்பட்ட கேள்வி இது: "பள்ளிக்கூடத்திலும் கடைவீதியிலும் இத்தனை பேர் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். அப்படியும் துப்பாக்கி என் உரிமை என்று அமெரிக்காவில் ஒரு கூட்டம் பிடிவாதம் பிடிக்கிறது. செய்திகளைப் பார்த்தால் அவர்களுக்கு மனசாட்சியே இல்லையோ என்று தோன்றுகிறது. அவர்கள் பக்கம் ஏதாவது நியாயம் இருக்கிறதா? எச்-1பி விசாவில் டெக்சாஸுக்கு வேலைக்குப் போகப் போகிறேன், அதனால் கேட்கிறேன்."

நியாயம் இருக்கிறது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கிறேன், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் வீட்டில் இருக்கிறார்கள். ஒவ்வொரு பள்ளிச் சம்பவத்தின்போதும் உங்களுக்குப் பதறுவதுபோலத்தான் எனக்கும் பதறுகிறது. அப்படிப் பதறுகிறவன் ஏன் இந்த உரிமையை விடக்கூடாது என்கிறான் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

வாதத்தின் மையம் ஒன்றே ஒன்றுதான். உயிருக்கு ஆபத்து வரும் நேரத்தில் நீங்கள் தனியாக இருப்பீர்கள். அந்த நேரத்துக்கு ஒரு கருவியை வைத்துக்கொள்ள நீங்கள் யாரிடம் போய் அனுமதி கேட்டு நிற்க வேண்டும்? துப்பாக்கிக் கட்டுப்பாடு என்று வரும் சட்டங்கள் பெரும்பாலும் கடைசியில் ஓர் அதிகாரியின் மேசையில் போய் நிற்கின்றன. அவர் மனசு வைத்தால் உண்டு, வைக்காவிட்டால் இல்லை. அந்த மேசைக்கு முன்னால் காலம் காலமாக யார் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று பார்த்த பிறகுதான் என் நிலைப்பாடு உறுதியானது.

முதலில் போலீஸ் விஷயம். "911 என்ற அவசர எண்ணைக் கூப்பிட்டால் போலீஸ் வரும், அப்புறம் எதற்குத் துப்பாக்கி?" என்று பலர் கேட்பார்கள். கொலராடோ மாநிலத்தில் காசில் ராக் என்று ஓர் ஊர். 1999 ஜூனில் அங்கே ஒரு பெண், பிரிந்து வாழும் கணவர் தன்னையும் குழந்தைகளையும் நெருங்கக்கூடாது என்று நீதிமன்ற உத்தரவு வாங்கி வைத்திருந்தார். ஒரு நாள் மாலை வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மூன்று பெண் குழந்தைகளையும் அந்த ஆள் கூட்டிக்கொண்டு போய்விட்டான். தாய் திரும்பத் திரும்ப போலீஸுக்குப் போன் செய்தார். பொறுங்கள், பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிடுவார் என்றார்கள். நள்ளிரவு தாண்டி நேரிலேயே போய் நின்றார். விடிவதற்கு முன் அவன் போலீஸ் நிலையத்துக்கே வந்து சுட்டான், போலீஸ் அவனைச் சுட்டுக் கொன்றது. வண்டியில் மூன்று குழந்தைகளும் பிணமாகக் கிடந்தார்கள்.

அந்தத் தாய் ஊர் நிர்வாகத்தின் மீது வழக்குப் போட்டார். 2005-இல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்த உத்தரவைப் போலீஸ் கட்டாயம் நிறைவேற்றியே ஆக வேண்டும் என்று கேட்கும் அரசியல் சட்ட உரிமை அவருக்கு இல்லை என்றது. 1989-லேயே டிஷேனி வழக்கில், தனிமனிதரின் கையிலிருந்து இன்னொருவரைக் காப்பாற்ற வேண்டும் என்ற கட்டாயம் அரசியல் சட்டத்தின்படி அரசுக்குக் கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். ஆக, சட்டத்தின் நிலை இது: உங்களைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. அதே நேரம், நீங்களே காத்துக்கொள்ளும் கருவியையும் தரமாட்டேன் என்று சில ஊர்கள் சட்டம் போட்டன. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

டெக்சாஸில் யுவால்டி என்ற சிற்றூரில் 2022 மே 24 அன்று நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள். அன்று அந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்த போலீஸ்காரர்களும் பிற சட்ட அமலாக்கப் பிரிவினரும் மொத்தம் 376 பேர் என்று டெக்சாஸ் சட்டமன்றக் குழுவின் அறிக்கை சொல்கிறது. கொலைகாரன் உள்ளே நுழைந்ததிலிருந்து அவனை வீழ்த்தும் வரை 77 நிமிடம். வெளியே பெற்றோர் கதறிக்கொண்டிருந்தார்கள், உள்ளே போக முயன்றவர்களைப் போலீஸ் தடுத்தது. "துப்பாக்கி போலீஸிடம் மட்டும் இருந்தால் போதும்" என்று சொல்பவர்கள் அந்த 77 நிமிடத்துக்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

இனி அந்த அதிகாரியின் மேசைக்கு வருகிறேன். 2015-இல் நியூ ஜெர்சியில் பெர்லின் என்ற ஊரில் ஒரு பெண். முன்னாள் காதலன் அடித்தான், மிரட்டினான். நீதிமன்றத் தடை உத்தரவு வாங்கினார். வீட்டில் கேமரா வைத்தார். ஏப்ரல் 21-இல் கைத்துப்பாக்கி வாங்க உள்ளூர் போலீஸிடம் விண்ணப்பித்தார். 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். 30 நாள் கழிந்தது, பதில் இல்லை. ஜூன் 3-ஆம் தேதி வீட்டு வாசலிலேயே அவன் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றான். விண்ணப்பம் அப்போதும் நிலுவையில்தான் இருந்தது. தடை உத்தரவு, கேமரா, விண்ணப்பம் என்று சட்டம் காட்டிய எல்லா வழியிலும் போனவர் அவர். காத்திருக்கும் காலம் என்ற விதியைத் தொலைக்காட்சியில் யாராவது சாதாரணமாகப் பரிந்துரைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்தான் நினைவுக்கு வருகிறார்.

நியூயார்க்கில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. அங்கே 1911-இல் வந்தது சல்லிவன் சட்டம். அதன் வழியில் வந்த விதிகளின்படி, வெளியே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல வேண்டுமானால் மற்றவர்களுக்கு இல்லாத தனிக் காரணம் உங்களுக்கு இருப்பதாக நிரூபிக்க வேண்டியிருந்தது. இரவு ஷிஃப்ட் முடிந்து ஆபத்தான தெருவில் நடந்து போகிறேன் என்பதைக் காரணமாக ஏற்கவில்லை. பணமும் செல்வாக்கும் உள்ளவர்களுக்குக் கிடைத்தது. நியூயார்க் போலீஸின் லைசென்ஸ் பிரிவில் இருந்த அதிகாரிகள் சிலர் லஞ்சம் வாங்கிக்கொண்டு லைசென்ஸ் கொடுத்ததாக ஃபெடரல், அதாவது மத்திய அரசின், வழக்கே நடந்து, குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களும் உண்டு. 2022 ஜூனில் ப்ரூயன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று அந்த விதியை ரத்து செய்தது. அந்த வழக்கில் துப்பாக்கி உரிமையின் பக்கம் நின்று மனு கொடுத்தவர்களில் நியூயார்க்கின் ஏழைகளுக்காக வாதாடும் பொது வழக்கறிஞர்களும் இருந்தார்கள். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததற்காக மட்டும் சிறைக்குப் போகிறவர்களில் ஆகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும்தான் என்று அவர்கள் தாங்கள் யாருக்காக வாதாடினார்களோ அவர்களின் அனுபவத்தை எடுத்து வைத்தார்கள். இடதுசாரிச் சாய்வுள்ள வழக்கறிஞர்கள் அவர்கள். இந்தச் செய்தி எத்தனை பேரின் கண்ணில் பட்டது?

துப்பாக்கி உரிமை என்றாலே தொப்பி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர்தான் நம் கண்முன் வருகிறார். அந்தப் படத்தை வரைந்தது ஊடகம். வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. 1857-இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பினத்தவர் குடிமக்களே ஆக முடியாது என்று தலைமை நீதிபதி டானி எழுதினார். அவர்களைக் குடிமக்களாக ஏற்றால் என்னென்ன விபரீதம் வரும் என்று அவர் போட்ட பட்டியலில், போகும் இடமெல்லாம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் வந்துவிடுமே என்பது ஒன்று. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த 1865-இலேயே மிசிசிப்பி மாநிலம் ஒரு சட்டம் போட்டது. விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் தங்கள் கவுண்டியின் (மாவட்டம் போன்ற பகுதி) போலீஸ் வாரியத்திடம் லைசென்ஸ் பெறாமல் எந்தத் துப்பாக்கியும் வைத்திருக்கக்கூடாது. லைசென்ஸ் கொடுக்கும் வாரியத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1873-இல் லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் ஊரில் கறுப்பினத்தவரைக் கூட்டமாகக் கொன்றார்கள். கொன்றவர்களுக்குக் கிடைத்த தண்டனையை 1876-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆயுத உரிமையை மீறக்கூடாது என்பது ஃபெடரல் அரசை மட்டுமே கட்டுப்படுத்தும், தனி ஆட்களை அல்ல என்றது அந்தத் தீர்ப்பு. கூட்டமாக வந்து கொலை செய்பவர்களிடமிருந்து தப்ப அந்த மக்களுக்கு வேறு என்ன இருந்தது? கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் 1892-இல் இதை நேராகவே எழுதினார்: ஒவ்வொரு கறுப்பினத்தவர் வீட்டிலும் ஒரு வின்செஸ்டர் ரைஃபிளுக்கு மரியாதையான இடம் இருக்க வேண்டும் என்று.

மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் 1956 ஜனவரியில் குண்டு வெடித்தது. அதன் பிறகு அவர் துப்பாக்கி எடுத்துச் செல்ல அலபாமா அதிகாரிகளிடம் அனுமதி கேட்டார். மறுத்துவிட்டார்கள். பின்னாளில் அவர் ஆயுதத்தையே வேண்டாம் என்று வைத்துவிட்டார், அது அவர் மனமறிந்து எடுத்த முடிவு. ஆனால் அந்த மறுப்பு அகிம்சைக்காக வந்ததில்லை. கேட்டவர் யார் என்று பார்த்து வந்தது. 1964-இல் லூசியானாவின் ஜோன்ஸ்பரோவில், உலகப் போரிலும் கொரியப் போரிலும் பணியாற்றிவிட்டு வந்த கறுப்பினத்தவர் பலர் சேர்ந்து 'தற்காப்பு மற்றும் நீதிக்கான டீக்கன்கள்' என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். வாக்குரிமைக்காக ஊர் ஊராகப் போன தொண்டர்களுக்கு இரவில் துப்பாக்கியோடு காவல் இருந்தவர்கள் இவர்கள். 1966-இல் மிசிசிப்பியில் கிங் நடந்த பேரணிக்கும் இவர்கள்தான் பாதுகாப்பு. இந்தப் பக்கம் ஏனோ பள்ளிப் பாடத்தில் வருவதில்லை. அடுத்த ஆண்டே, 1967-இல், பிளாக் பாந்தர் என்ற கறுப்பினக் கட்சியினர் கலிஃபோர்னியாவில் சட்டப்படி துப்பாக்கி ஏந்திப் போலீஸைக் கண்காணிக்கத் தொடங்கியதும், பொது இடத்தில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி ஏந்தக்கூடாது என்று மல்ஃபோர்ட் சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர் ரொனால்ட் ரீகன். இதில் கட்சி பேதம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த வரலாற்றின் தொடர்ச்சிதான் சிகாகோவின் ஓடிஸ் மெக்டொனால்ட். லூசியானாவில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, சிகாகோவுக்கு வந்து உழைத்து ஓய்வு பெற்ற கறுப்பினப் பெரியவர். அவர் குடியிருந்த மார்கன் பார்க் பகுதி மெல்ல மெல்லப் போதைக் கும்பல்களின் கைக்குப் போனது. வீட்டில் பலமுறை திருட்டு. கைத்துப்பாக்கி ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்றால், 1982 முதல் சிகாகோவில் அதற்குத் தடை. கும்பல்களிடம் துப்பாக்கி இருந்தது, அவரிடம்தான் இருக்கக்கூடாது. அவர் தொடுத்த வழக்கில்தான் 2010-இல், ஆயுத உரிமையைச் சொல்லும் அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் மாநிலங்களையும் நகரங்களையும் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பு வந்தது. 5க்கு 4. அப்போது அவருக்கு 76 வயது.

அந்த இரண்டாவது திருத்தத்தைப் பற்றிச் சுருக்கமாக: 1791-இல் வந்தது. அதில் குடிப்படை (குடிமக்களே சேர்ந்து அமைக்கும் படை) பற்றிய பேச்சு இருப்பதால் அது தனிமனிதருக்கான உரிமையே இல்லை என்று எதிர்த்தரப்பு நெடுங்காலம் வாதாடியது. 2008-இல் ஹெல்லர் வழக்கில், வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமைதான் என்று தீர்ப்பானது. வழக்குப் போட்டவர் வாஷிங்டனில் ஆயுதம் தாங்கிய காவலர். பகலெல்லாம் அரசுக் கட்டடத்தைக் காக்கத் துப்பாக்கி கொடுத்தார்கள், வீட்டைக் காக்க வைத்துக்கொள்ளக்கூடாது என்றார்கள். அதே தீர்ப்பு, இந்த உரிமை எல்லையற்றதல்ல என்றும் சொல்கிறது. குற்றவாளிகளுக்கும் மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் உள்ள தடைகள் நீடிக்கும். எனக்கும் அதில் மறுப்பில்லை.

இது வெள்ளைக்காரர்களின் வினோதம், நமக்கு அன்னியமானது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1878-இல் ஆங்கிலேயர் இந்தியாவில் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களை லைசென்ஸுக்கு அலையவிட்டு ஐரோப்பியர்களுக்கு விலக்குக் கொடுத்தது. அதனால்தான் 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தின் அடிப்படை உரிமைகளில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதைச் சேர்க்கச் சொல்லித் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. இந்தியா அந்த வழியில் போகவில்லை, சரி. ஆனால் அந்தக் கேள்வியை நம் முன்னோர்களும் கேட்டுத்தான் இருக்கிறார்கள்.

கொரியர்களின் கதையை நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அவர்களும் கடை வைத்துப் பிழைக்க வந்த குடியேறிகள். 1992 ஏப்ரல் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸில் கலவரம் வெடித்தது. கொரியாடவுனைப் போலீஸ் கைவிட்டுவிட்டது. கடைக்காரர்கள் கூரை மேல் துப்பாக்கியோடு நின்று தங்கள் கடைகளைக் காத்தார்கள். கொரிய மொழி வானொலியில் எந்தக் கடைக்கு ஆள் வேண்டும் என்று அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அப்படியும் சுமார் 2,000 கொரியக் கடைகள் சேதமாயின.

இனி ஊடகம். பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை. சில பிழைகளைக் கண்டுபிடித்துச் சொன்னதே வேறு பத்திரிகையாளர்கள்தான். என் குறை, எது செய்தியாகிறது என்பதில்.

2018 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டதும், "இந்த ஆண்டில் இது 18-ஆவது பள்ளித் துப்பாக்கிச் சூடு" என்ற கணக்கு உலகம் முழுக்கப் பரவியது. ஒரு கட்டுப்பாட்டு ஆதரவு அமைப்பு கொடுத்த எண் அது. மூடப்பட்டுக் கிடந்த ஒரு பள்ளியின் வாகன நிறுத்தத்தில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டதும் அதில் ஒன்று. அந்த எண் தவறு என்று வாஷிங்டன் போஸ்ட் எழுதியது, ஆனால் அதற்குள் அது கோடிக்கணக்கானவர்களின் மனதில் பதிந்துவிட்டது. அதே ஆண்டு இன்னொன்று. 2015-16 கல்வி ஆண்டில் ஏறத்தாழ 240 பள்ளிகளில் துப்பாக்கிச் சூடு நடந்ததாக ஃபெடரல் கல்வித் துறையின் அறிக்கை சொன்னது. என்பிஆர் வானொலி நிருபர்கள் ஒவ்வொரு பள்ளியாகத் தொடர்புகொண்டு விசாரித்தார்கள். உறுதிப்படுத்த முடிந்தது 11. பதினொன்றும் அதிகம்தான், ஒன்று நடந்தாலும் அதிகம்தான். ஆனால் 11-ஐ 240 என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒரு நாட்டில் எந்தச் சட்டம் நிதானமாக எழுதப்படும்?

1993-க்கும் 2010-க்கும் நடுவே அமெரிக்காவில் துப்பாக்கிக் கொலை விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2013-இல் பியூ ஆய்வு மையம் மக்களைக் கேட்டபோது, 20 ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிடத் துப்பாக்கிக் குற்றம் கூடியிருக்கிறது என்றவர்கள் 56 சதவீதம். குறைந்திருக்கிறது என்று சரியாகச் சொன்னவர்கள் 12 சதவீதம்தான். பிறகு 2020-இல் கொலைகள் கடுமையாகக் கூடின, அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த இருபது வருட இறக்கம் ஏன் யாருக்கும் தெரியாமல் போனது?

ரைஃபிள் விஷயமும் அப்படித்தான். ஏஆர்-15 என்ற ரைஃபிளின் படத்தைக் காட்டாமல் ஒரு செய்தியும் முடிவதில்லை, அதைத் தடை செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல. எஃப்.பி.ஐ.யின் 2019 கணக்கில் விவரம் கிடைத்த 13,927 கொலைகளில் எல்லா விதமான ரைஃபிள்களாலும் நடந்தவை 364. கத்தியால் 1,476. வெறும் கையாலும் காலாலும் 600. என்ன வகைத் துப்பாக்கி என்று பதிவாகாத கொலைகள் 3,281 உண்டு, அவற்றில் சில ரைஃபிளாக இருக்கலாம். அப்படியிருந்தும் துப்பாக்கிக் கொலைகளில் பெரும்பகுதி கைத்துப்பாக்கியால்தான். 1994 முதல் 2004 வரை இந்த வகை ரைஃபிள்களில் புதியவற்றை விற்கத் தடை இருந்தது. கொலம்பைன் பள்ளிப் படுகொலை அந்தத் தடைக் காலத்தின் நடுவில்தான், 1999-இல் நடந்தது. ஒரு விஷயத்தையும் தெளிவாக்கிவிடுகிறேன்: கடையில் விற்கும் ஏஆர்-15, ஒருமுறை விசையை அழுத்தினால் ஒரு தோட்டாதான் சுடும். மெஷின் கன்களுக்கு 1934 முதலே கடும் கட்டுப்பாடு, 1986-க்குப் பிறகு புதிதாகத் தயாரித்துப் பொதுமக்களுக்கு விற்கவே முடியாது.

தடுக்கப்பட்ட கொலை செய்தியாவதில்லை. 2022 ஜூலை 17 அன்று இந்தியானாவின் கிரீன்வுட் மாலில் ஒருவன் உணவகப் பகுதியில் சுடத் தொடங்கினான். மூன்று பேர் இறந்தார்கள். தோழியோடு கடைக்கு வந்திருந்த 22 வயது இளைஞர் தன் கைத்துப்பாக்கியை எடுத்து, அவன் சுடத் தொடங்கிய 15 விநாடிக்குள் அவனை வீழ்த்தினார். அனுமதிச் சீட்டு இல்லாமலே துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்ற சட்டம் அந்த மாநிலத்தில் நடைமுறைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. 77 நிமிடத்தையும் 15 விநாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசிய தொலைக்காட்சி விவாதம் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. இப்படித் தற்காப்புக்குத் துப்பாக்கி பயன்படுவது ஆண்டுக்கு எத்தனை முறை என்பதில் பெரிய சண்டை உண்டு. அரசின் குற்றப் பாதிப்பு ஆய்விலிருந்து வரும் கணக்கு 60 ஆயிரத்தைச் சுற்றி, 1995-இல் கிளெக், கெர்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் சொன்னது 25 லட்சம். பெரிய எண்ணை நான் நம்பச் சொல்லவில்லை. மிகச் சின்ன எண்ணையே எடுத்துக்கொண்டாலும் நாளுக்கு 160 பேருக்கு மேல். பெரும்பாலும் சுடுவதுகூட இல்லை, காட்டியதும் வந்தவன் ஓடிவிடுகிறான்.

நம் ஊர்க்காரர் ஒருவரின் மரணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் கொல்லப்பட்ட 32 பேரில் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து போன பேராசிரியர் ஜி.வி. லோகநாதனும் ஒருவர். வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். கொலைகாரனிடம் இருந்தவை இரண்டு கைத்துப்பாக்கிகள், கடையில் பின்னணிச் சோதனை முடித்து வாங்கியவை. அவன் தனக்கே ஆபத்தானவன் என்று 2005-லேயே நீதிமன்றம் முடிவு செய்திருந்தது. ஃபெடரல் சட்டப்படி அவனுக்குத் துப்பாக்கி விற்றிருக்கவே கூடாது. அந்தத் தகவலை மாநிலம் சோதனைப் பட்டியலுக்கு அனுப்பவில்லை. பல்கலைக்கழக வளாகமோ துப்பாக்கிக்குத் தடை விதித்த இடம். லைசென்ஸ் உள்ளவர்கள் வளாகத்தில் எடுத்துச் செல்ல வழிசெய்யும் மசோதா அதற்கு முந்தைய ஆண்டுதான் மாநிலச் சட்டமன்றக் குழுவிலேயே செத்துப்போனது.

2017-இல் டெக்சாஸின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்திலும் இதே கதை. 26 பேர் இறந்தார்கள். கொலைகாரன் மனைவியையும் குழந்தையையும் அடித்து ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவன், விமானப்படை அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அவனை எதிர்த்துச் சுட்டு விரட்டியவர் பக்கத்து வீட்டுக்காரர், அவர் கையில் இருந்தது ஏஆர்-15. சட்டத்தில் இருப்பதைச் செய்யாமல் விட்ட அலுவலகங்களை யாரும் தெருவில் இறங்கிக் கேட்பதில்லை. சட்டத்தை ஒழுங்காகப் பின்பற்றும் கோடிக்கணக்கானவர்களிடம்தான் அடுத்த விதியைக் கொண்டுவருகிறார்கள்.

எதிர்த்தரப்பில் எனக்குப் பதில் சொல்லச் சிரமமான இடம் ஒன்று உண்டு. அது தற்கொலை. 2023-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் நேர்ந்த மரணங்கள் 46,728. அதில் பாதிக்கும் மேல், 27,300 போல, தற்கொலைகள். வீட்டில் துப்பாக்கி இருந்தால், மனம் உடைந்த ஒரு நிமிடத்தில் எடுத்த முடிவை மாற்ற வழியில்லாமல் போகிறது. இதை மறுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இதற்கு நல்ல வழியைக் காட்டியவர்கள் துப்பாக்கிக் கடைக்காரர்களே. நியூ ஹாம்ப்ஷயரில் 2009-இல் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிய மூன்று பேர் ஒரு வாரத்துக்குள் அடுத்தடுத்து உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அந்தக் கடைக்காரர் மனம் கலங்கிப் பொது சுகாதார ஆய்வாளர்களோடு சேர்ந்து, சந்தேகம் வந்தால் விற்காதே, வாடிக்கையாளரிடம் பேசு என்று மற்றக் கடைகளுக்கும் பயிற்சி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கக் காரணமானார். பிறகு வேறு மாநிலங்களுக்கும் அது பரவியது. வீட்டில் ஒருவர் மனச்சோர்வில் இருந்தால் துப்பாக்கியைக் கொஞ்ச காலம் நம்பிக்கையான நண்பரிடமோ கடையிலோ கொடுத்து வையுங்கள். எங்கள் வட்டத்தில் இப்படிக் கேட்டால் யாரும் தவறாக நினைப்பதில்லை, உடனே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

அதேபோல், மனைவியையோ காதலியையோ மிரட்டியதற்காக நீதிமன்றத் தடை உத்தரவில் இருப்பவனிடம் துப்பாக்கி இருக்கக்கூடாது என்று 2024-இல் ரஹிமி வழக்கில் 8க்கு 1 என்று வந்த தீர்ப்பு எனக்குச் சரியாகவே படுகிறது. ஒரு நீதிபதி, ஒரு தனிமனிதனின் நடத்தையை விசாரித்து, அவன் ஆபத்தானவன் என்று முடிவு செய்து எடுப்பது வேறு. எந்தத் தப்பும் செய்யாத எல்லோரையும் சந்தேகித்து, நீ ஏன் வைத்திருக்கிறாய் என்று காரணம் கேட்பது வேறு.

"ஆஸ்திரேலியாவைப் பாருங்கள்" என்பார்கள். 1996-க்குப் பிறகு அங்கே சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளை அரசு விலைக்கு வாங்கி அழித்தது. அமெரிக்காவில் பொதுமக்களிடம் இருப்பவை 2018 மதிப்பீட்டின்படி சுமார் 39 கோடி. நேர்மையானவன் கொண்டுவந்து கொடுப்பான், கும்பல்காரன் கொடுக்கமாட்டான். மிச்சத்தை வீடு வீடாகப் புகுந்து தேடப் போவது யார், முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்? மேலே சொன்ன வரலாற்றைப் படித்த எவருக்கும் பதில் தெரியும். 2019 தொடக்கத்திலிருந்து 2021 ஏப்ரல் வரை முதல்முறையாகத் துப்பாக்கி வாங்கிய அமெரிக்கர்கள் சுமார் 75 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள், ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர். இவர்கள் யாரும் படம் பார்த்துவிட்டு ஆசைப்பட்டு வாங்கியவர்கள் இல்லை.

கடைசியாக உங்கள் விஷயம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது பொதுவாக ஃபெடரல் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. டெக்சாஸ் தாராளமான மாநிலம் என்று யாராவது சொன்னாலும் இது மாறாது, மாநிலச் சட்டம் ஃபெடரல் தடையை நீக்காது. நண்பர்கள் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூப்பிட்டால், கையில் வாங்கிச் சுடுவதும் இந்தச் சட்டத்துக்குள் வரலாம், வழக்கறிஞரைக் கேட்காமல் போகாதீர்கள். மீறினால் வேலையும் விசாவும் சேர்ந்து போகும். கிரீன் கார்டு வந்த பிறகு வாங்கலாம். வாங்கினால் முதலில் முறையான பயிற்சி வகுப்பு, அடுத்து நல்ல பெட்டகம், அதற்குப் பிறகுதான் துப்பாக்கி, குறிப்பாகப் பிள்ளைகள் உள்ள வீட்டில். கஞ்சா சில மாநிலங்களில் சட்டப்படி கிடைக்கும், ஆனால் அதைப் பயன்படுத்துபவர் துப்பாக்கி வாங்கக்கூடாது என்கிறது ஃபெடரல் படிவம். அதில் பொய் எழுதுவது தனிக் குற்றம்.

மாநில எல்லை தாண்டும்போதும் கவனம் வேண்டும். 2013-இல் பென்சில்வேனியாவில் முறையாக லைசென்ஸ் வாங்கிய ஒரு தாய், நியூ ஜெர்சியில் போக்குவரத்துப் போலீஸ் நிறுத்தியபோது துப்பாக்கி இருப்பதைத் தானாகவே சொன்னார். முன்பு எந்தக் குற்றமும் செய்யாதவர். அவருடைய லைசென்ஸ் அங்கே செல்லாது என்று கைது செய்தார்கள், மூன்று ஆண்டுக்கு மேல் சிறை என்ற நிலை வந்தது. 2015-இல் ஆளுநர் மன்னித்ததால் தப்பினார். உங்களுக்காகத் தலையிட ஒரு ஆளுநர் கிடைப்பார் என்று நம்பி வண்டி ஓட்ட முடியாது. புறப்படும் முன் போகிற மாநிலத்தின் சட்டத்தைப் படித்துவிடுங்கள்.